சட்டகமா, விலாவும் தோலுமா, ஃபைபர் ஓடா? ஒரு சிறு விமானத்துக்கு உடல் தேடியது

என் தங்கை மகன் பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கிறான். அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்று செய்கிறார்கள். முனைக்கு முனை ஒன்றே முக்கால் மீட்டர் நீளத்தில் இறக்கை தயார். மோட்டார், பேட்டரி, துடுப்புகளை அசைக்கும் சர்வோ என்ற சிறு மோட்டார் எல்லாம் வாங்கியாகிவிட்டது. இவற்றைச் சுமக்க ஓர் உடல்தான் இல்லை. போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலுக்கு வந்து, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, உடலை ஃபைபரில் செய்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம்" என்றான். முடிவு செய்தவன் என்னைத் தேடி வந்த காரணம் எனக்குத் தெரியும். குளச்சல் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் (கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்யும் படகு) செய்கிற ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம்.

"ஏன் மக்களே ஃபைபர்?"

"போயிங் 787, ஏர்பஸ் ஏ350 எல்லாம் அதில்தானே மாமா செய்கிறார்கள்?"

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். ஆனாலும் தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது வருடம் பையன்களோடு மல்லுக்கட்டியவன் நான். வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்பது தெரியும். "மூன்று விதமாகச் செய்வோம். எடை போடுவோம். பிறகு உடைத்துப் பார்ப்போம்" என்றேன். உடைப்பது என்றதும் நால்வருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

முதலில் கணக்கு. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது பையன்களின் திட்டம். இறக்கை, மோட்டார், பேட்டரி, சர்வோக்கள், சக்கரங்கள், வால் எல்லாவற்றையும் மளிகைத் தராசில் வைத்தால் 1,380 கிராம் வந்தது. வயருக்கும் வர்ணத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் உடலுக்கு மிஞ்சுவது 500 கிராம். உடலின் நீளம் 120 சென்டிமீட்டர், சுற்றளவு சராசரியாக 40. ஆக, ஏறக்குறைய அரை சதுர மீட்டர் பரப்பை 500 கிராமுக்குள் கட்டி முடிக்க வேண்டும்.

விமானத்தின் உடலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஃப்யூசலாஜ் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. நூல் நூற்கும் கதிரின் வடிவம் என்பது அதன் வேர்ப்பொருள். தக்கிளியை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் புரியும். ஆனால் அதன் வேலை புரிய வேண்டுமானால் காவடி எடுப்பவரின் தோளைப் பாருங்கள். தண்டை நடுவில் தோள் தாங்குகிறது, இரு முனையிலும் சுமை தொங்குகிறது, தண்டு வளைகிறது. பறக்கும் விமானத்துக்கு இறக்கைதான் தோள். முன்னால் மோட்டாரும் பேட்டரியும் தொங்குகின்றன. பின்னால் வால் அழுத்துகிறது. போதாததற்கு வால் துடுப்பு பக்கவாட்டில் தள்ளும்போது உடலை ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குகிறது. இறங்கும்போது கீழிருந்து ஓர் அடி. வளைவு, முறுக்கு, அடி ஆகிய இந்த மூன்றுக்கும் தாங்குகிற உடலை எப்படிக் கட்டுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி சட்டகம். நான்கு நீளக் குச்சிகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் குச்சிகள், மூலைக்கு மூலை சாய்வுக் குச்சிகள். ஓட்டு வீட்டுக் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம் எப்படியோ அப்படி. நாற்கரத்தைத் தள்ளினால் சாயும். முக்கோணத்தின் பக்கங்களில் ஒன்று நீளவோ சுருங்கவோ செய்யாமல் அதன் உருவம் மாறாது. 1909இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானம் இந்த வகைதான். மரக்குச்சியும் கம்பியும் கொண்டு கட்டிய உடலின் பின்பாதியில் துணிகூடப் போர்த்தவில்லை. எலும்பு அப்படியே தெரியும். நம் நாட்டில் பெங்களூரில் செய்து 1958இல் முதலில் பறந்த புஷ்பக் என்ற பயிற்சி விமானத்தின் உடலும் சட்டகமே. குச்சிக்குப் பதில் பற்றவைத்த எஃகுக் குழாய், மேலே துணி. இந்த வகையில் துணியோ பிளாஸ்டிக் தாளோ காற்றை வழுக்கிவிடுவதற்கு மட்டும்தான். சுமை முழுவதும் குச்சிகளின் தலையில்.

இரண்டாவது வழியில் தோலும் சுமக்கிறது. இதைப் புரிந்துகொள்ள பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்று போதும். அதைக் குழலாகச் சுருட்டி, விளிம்பை ஒட்டாமல் முறுக்குங்கள். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் குழல் துவண்டுவிடும். விளிம்பை ஒட்டிக் காயவிட்டு மறுபடி முறுக்குங்கள். கை வலிக்கும். அதே தாள், அதே எடை. மூடிய குழல் என்ற ஒரே காரணத்தால் வந்த பலம் அது. 1912இல் டெபர்டுசான் என்ற பிரெஞ்சு பந்தய விமானம் இதை உலகுக்குக் காட்டியது. மெல்லிய மரத்தகடுகளை அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த வெற்று ஓடுதான் அதன் உடல்.

ஆனால் தோலை நம்பி இருப்பதில் ஒரு சிக்கல். எடையைக் கூட்டாமல் குழலின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் தோலின் தடிமன் பாதியாகும். ஆனாலும் வளையாமல் நிற்கும் விறைப்பு நான்கு மடங்காகும். கேட்க நன்றாக இருக்கிறது. மெல்லிய தோல் நெளிந்து சுருங்கி மடங்கிவிடும் என்பதுதான் அதன் மறுபக்கம். காலியான குளிர்பான டின்னை மேலிருந்து அழுத்தினால் கொஞ்சம் தாங்கும்; பக்கத்தில் விரலால் லேசாகத் தட்டிவிட்டால் அடுத்த நொடி சப்பையாகிவிடும். மூங்கிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. இடையிடையே கணு இருக்கிறது. விமானக்காரர்கள் கற்றுக்கொண்டதும் கணுவைத்தான். உள்ளே வளையங்கள், அவற்றைக் கோத்துக்கொண்டு ஓடும் நீளச் சட்டங்கள், மேலே மெல்லிய தோல். 1935இல் பறக்கத் தொடங்கிய டி.சி.-3 முதல் இன்றைய அலுமினிய விமானங்கள் வரை பெரும்பாலும் இந்த அமைப்புதான். 1951இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த நம் எச்.டி.-2 பயிற்சி விமானமும் இந்த ஜாதி. குமரிக் கடற்கரையில் பிறந்தவனுக்கு இதை விளக்கவே தேவையில்லை: பலகை வள்ளத்தின் உள்ளே எட்டிப் பார்த்தால் விலாவும் தோலும் தெரியும். மருமகன் இதை "வள்ளப் பாணி" என்று அழைக்கத் தொடங்கினான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அலுமினியத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அரை மில்லிமீட்டர் தகட்டில் அரை சதுர மீட்டர் என்றால் 675 கிராம். அதோடு பேச்சு முடிந்தது.

மூன்றாவது, ஃபைபர். குளச்சலுக்குப் போனோம். பட்டறையில் ஒரு வள்ளம் அச்சுக்குள் கிடந்தது. ரெசின் என்ற அந்தப் பிசினின் நெடி மூக்கைத் துளைத்தது. நண்பர் வேலையை நிறுத்தவில்லை. கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினை உருளையால் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டார். "எத்தனை உடல் வேண்டும், மக்களே?" என்றார். "ஒன்றுதான் அண்ணா" என்றான் மருமகன். அவர் சிரித்துவிட்டார்.

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஃபைபரில் ஓர் உடல் வேண்டுமானால் மூன்று உடல் செய்ய வேண்டும். முதலில் மரத்திலோ தெர்மாகோலிலோ அதே உருவத்தில் ஒரு மாதிரி. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கியபின், அதன்மேல் இரண்டு பாதியாக அச்சு. அச்சுக்குள்தான் உண்மையான உடல் பிறக்கும். அச்சு கெடாமல் இருந்தால் ஐந்து, பத்து என்று எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஒன்றே ஒன்றுக்காக என்றால் கல்யாணப் பந்தல் போட்டு ஒருவருக்குச் சோறு போடுவதுபோல. இரண்டாம் உலகப் போரில் பறந்த மொஸ்கிட்டோ விமானத்தின் உடலை இப்படித்தான் இடப் பாதி, வலப் பாதி என்று அச்சின்மேல் செய்தார்கள். பொருள் மட்டும் ஃபைபர் அன்று: இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவில் பால்சா என்ற மிக லேசான மரம். பாதி திறந்திருக்கும்போதே உள்ளே வயர்களைப் பொருத்திவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கில் செய்தார்கள், அச்சுக்குப் போட்ட பணம் திரும்பி வந்தது.

அடுத்து எடை. வள்ளத்துக்கு அவர் போடும் பாய் சதுர மீட்டருக்கு 450 கிராம். அது தன் எடையில் இரண்டு மடங்கு ரெசினாவது குடிக்கும். எங்கள் அரை சதுர மீட்டருக்கு ஒரே ஓர் அடுக்குப் போட்டாலே 675 கிராம், மேலே பளபளப்புக்குப் பூசும் பூச்சு கால் கிலோ. தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. வள்ளம் கொஞ்சம் கனத்தால் யாரும் அழப்போவதில்லை. விமானம் தரையிலேயே நின்றுவிடும். எனவே பாயை விட்டுவிட்டு, 200 கிராம் நெய்த துணியில் இரண்டு அடுக்கு, துணியின் எடைக்குச் சமமான ரெசின் என்று இறங்கினோம்.

இந்த இடத்தில் என் அவமானத்தையும் எழுதிவிடுகிறேன். மாதிரியை மரத்தில் செதுக்கச் சோம்பல்பட்டு தெர்மாகோலில் செய்யலாம் என்று சொன்னது நான்தான். பட்டறையில் மிச்சமிருந்த பாலியெஸ்டர் ரெசினை அதன்மேல் நேராகப் பூசச் சொன்னதும் நான்தான். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைக்கும் என்பது எனக்கு நினைவுக்கு வருவதற்குள் இரண்டு நாள் வேலை, வெயிலில் வைத்த வெண்ணெய்போல் குழிந்து உட்கார்ந்துவிட்டது. எபாக்சி ரெசின் தெர்மாகோலை ஒன்றும் செய்யாது, விலை கூடுதல். மருமகன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் நண்பர்கள் பேசினார்கள்.

பெரிய விமானங்கள் ஏன் ஃபைபருக்குப் போயின என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். 2009இல் முதலில் பறந்த 787இன் எடையில் சுமார் பாதி, கார்பன் இழை முதலான கூட்டுப் பொருள்கள். உடலைப் பீப்பாய் பீப்பாயாக, முழுச் சுற்றாக இழை சுற்றிச் செய்கிறார்கள். 2013இல் பறந்த ஏ350இல் அதே பொருளைப் பெரிய தகடுகளாகச் செய்து விலாக்களின்மேல் பொருத்துகிறார்கள். அதாவது புதுப் பொருளில் பழைய வள்ளப் பாணி. இரண்டுக்கும் பின்னால் இருக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று காற்றழுத்தம். உயரத்தில் பறக்கும்போது பயணிகளுக்காக உள்ளே காற்றை அடைத்துவைக்கிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கு மேல் போகும். ஒவ்வொரு பயணத்திலும் உடல் பலூன்போல் ஒரு முறை உப்பித் தணிகிறது. ஆயிரக்கணக்கான முறை உப்பித் தணிந்தால் அலுமினியம் களைத்துவிடும். கார்பன் இழை அவ்வளவு எளிதில் களைப்பதில்லை, துருப்பிடிப்பதுமில்லை. அதனால்தான் 787க்குள் காற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக அடைக்க முடிகிறது. வழக்கமான விமானத்தில் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோல் மூச்சு விடுகிற பயணி, அதில் 6,000 அடியில் இருப்பதுபோல் விடலாம்.

எங்கள் விமானத்தில் பயணி யாரும் இல்லை. காற்று அடைக்கப்போவதும் இல்லை. உடல் உருண்டையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே அழுத்தத்தால் வருவதுதான். அழுத்தம் இல்லாத ட்வின் ஓட்டர் போன்ற சிறு விமானங்களைப் பாருங்கள், தீப்பெட்டிபோல் சதுரமாகவே இருக்கும். கார்பன் இழையில் இன்னொரு தொல்லையும் உண்டு: அது மின்சாரம் கடத்தும் பொருள், ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைத்துவிடும். ரிசீவரின் ஆன்டெனாவை வெளியே நீட்ட வேண்டும். கண்ணாடி இழையில் அந்தக் கவலை இல்லை. பெங்களூரு தேசிய ஏரோஸ்பேஸ் ஆய்வகத்தின் ஹன்சா விமானம் 1993இலேயே கண்ணாடி இழை உடலோடு பறந்தது. ஆகவே சிறு விமானத்துக்கு ஃபைபரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை இருந்தால் ஆகும்.

ஆடி பிறப்பதற்குள் மூன்றும் தயாராகிவிட்டன. சட்டகம் 210 கிராம். வள்ளப் பாணி, இரண்டு மில்லிமீட்டர் பால்சாத் தோலோடு, 290. ஃபைபர் ஓடு 470. ஐநூறுக்குள் மூன்றுமே வந்துவிட்டன. பையன்கள் ஃபைபரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அழகில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்கமுடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

எடையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்தது. எப்படி உடைகிறது, உடைந்தது கண்ணுக்குத் தெரிகிறதா, வயல் வரப்பில் உட்கார்ந்து சரிசெய்ய முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் ஓடுதளம் கும்பப்பூ என்னும் நெல் பருவத்தின் அறுவடை முடிந்த வயல். நெல் தாள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். விமானம் மூக்கைக் குத்தும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எப்போது அடங்கும், எப்போது சீறும் என்று முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளுக்கே தெரியாது. ஆகவே உடைவது நிச்சயம்.

மூக்கில் 400 கிராம் மணல் பையைக் கட்டி, மொட்டைமாடியிலிருந்து ஒவ்வோர் உடலையும் தலைகீழாகப் போட்டோம்.

சட்டகத்தில் இறக்கைக்கு முன்னால் இரண்டு நீளக் குச்சிகள் பட்டென்று ஒடிந்தன. மூங்கில் பிளாச்சை வைத்துக் கட்டி, ஃபெவிக்விக் விட்டு, இருபது நிமிடத்தில் ஒட்டிவிட்டார்கள். மகிழ்ச்சியாகத் தூக்கிப் பார்த்தால் வால் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. ஒடிந்த இடம் முன்னால், கோணல் பின்னால். சட்டகத்தின் குணம் இது: ஒரு குச்சி மாறினால் எல்லா முக்கோணங்களும் கொஞ்சம் கொஞ்சம் நகரும். நூல் பிடித்து அளக்காமல் பறக்கவிட்டிருந்தால் விமானம் தானாக வட்டமடித்திருக்கும்.

வள்ளப் பாணியில் மூக்கு வளையத்துக்குப் பின்னால் தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. கிழிசல் மூன்றாவது வளையத்தில் வந்து நின்றுவிட்டது. வளையத்துக்கு அப்பால் ஒரு கீறல்கூட இல்லை. கெட்ட தோலைச் சாய்வாகச் சீவி எடுத்து, அதே அளவு புதுத் துண்டை ஒட்டி, தேய்த்து முடிக்க ஒரு மணி நேரம். எடை ஆறு கிராம் கூடியது. நல்லவேளையாக மூக்குப் பக்கம் கூடியது. வாலில் பத்து கிராம் கூடியிருந்தால், எங்கள் அளவுகளின்படி வால் 75 சென்டிமீட்டர் பின்னால், பேட்டரி 30 சென்டிமீட்டர் முன்னால் என்பதால், சமநிலைக்கு மூக்கில் 25 கிராம் ஈயம் வைக்க வேண்டியிருந்திருக்கும். பழுதுபார்க்கும்போது வாலில் பசையை அள்ளிப் பூசுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஃபைபர் ஓடு விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, அப்படியே கிடந்தது. ஒன்றுமே ஆகவில்லை! பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். எனக்கும் ஒரு கணம் தோற்றுவிட்டோம் என்றுதான் தோன்றியது.

அடுத்த வாரம் குளச்சல் நண்பர் ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஃபைபர் உடலைக் கையில் எடுத்தவர் கண்ணால் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மூக்கிலிருந்து வால்வரை டொக் டொக் என்று தட்டிக்கொண்டே வந்தார். இறக்கை உட்காரும் இடத்துக்கு அருகே ஓசை மாறியது, மொத்தென்று கேட்டது. "தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பாய் அல்லவா மக்களே, அதேதான்" என்றார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளங்கை அளவுக்குப் பால் சிந்தியதுபோல் வெளுத்திருந்தது. அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருக்கின்றன. வெளிப்பக்கம் வர்ணம்கூட உதிரவில்லை. விமானப் பட்டறைகளிலும் கூட்டுப் பொருளை இப்படி நாணயத்தால் தட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அந்த ஃபைபர் உடலை மறுபடி மாடியிலிருந்து போட்டோம். இரண்டாவது முறை தாங்கியது. மூன்றாவது முறை அந்த இடத்திலேயே இரண்டாக முறிந்தது.

உடைந்தது வெளியே தெரிய வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1988 ஏப்ரல் 28இல் ஹவாய் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று ஹிலோவிலிருந்து ஹோனலூலுவுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, முன்பகுதியில் சுமார் ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு மேற்புறத் தோல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பணிப்பெண் ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டார். திறந்த உடலோடு விமானி மாவி தீவில் இறக்கினார். மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். அந்த விமானம் தீவுக்குத் தீவு குறுகிய பயணங்களாக 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. உப்புக் காற்றில் தகடுகளின் ஒட்டு விட்டுப்போய், சுமை முழுவதும் தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளின்மேல் விழுந்து, ஒவ்வொரு துளையிலிருந்தும் கிளம்பிய சிறு விரிசல்கள் கைகோத்துக்கொண்டன. ஏறும்போதே ஒரு பயணி உடலில் ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. உப்புக் காற்று என்றால் என்ன என்று ஜன்னல் கம்பியைப் பார்த்தே தெரிந்துகொண்ட நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் செய்தியைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்கும்.

இனி முடிவு. ஒரே ஒரு விமானம், மாணவர் கைவேலை, வயலில் இறக்கம் என்றால் வள்ளப் பாணி. என் தீர்ப்பில் எனக்குச் சந்தேகமில்லை. காற்றில்லாத விடியற்காலையில் மெதுவாக மிதக்கும் கிளைடர் வேண்டும், எடைதான் உயிர் என்பவர்கள் சட்டகத்துக்குப் போகலாம். நூல் பிடித்து அளக்கப் பொறுமை வேண்டும், மேலே போர்த்திய தாளைக் குத்திக் கிழிக்கும் நெல் தாளையும் சகிக்க வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஜூனியர் மாணவர்களும் அதே விமானத்தைச் செய்யப்போகிறார்கள் என்று ஒரு கல்லூரி உறுதியாகச் சொன்னால், தயங்காமல் அச்சுச் செய்யுங்கள். ஃபைபர் வேலைக்கு இந்தக் கடற்கரையில் கைகளுக்குப் பஞ்சமில்லை. நெய்த துணி மட்டும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். எங்களுக்குப் பால்சாவும் வெளியூரிலிருந்துதான் வந்தது.

மருமகன் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. மூக்கு மூடியை மட்டும் அந்த அச்சிலேயே ஃபைபரில் எடுத்து, திருகாணியால் பொருத்திக்கொள்கிறேன் என்றான். உடைந்தால் கழற்றி வேறொன்று மாட்டலாம். நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை.

மிச்சமிருந்தது ஒரு விஷயம். பேட்டரியை எடுக்க உடலில் ஒரு வாசல் வெட்ட வேண்டும். அவன் சதுரமாக வரைந்துகொண்டு கத்தியை எடுத்தான். நிறுத்தச் சொல்லி, கோமெட் என்ற பயணிகள் ஜெட் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கோமெட்டுகள் மத்தியதரைக் கடலில் விழுந்தன. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் அதே வகை விமானம் ஒன்றின் உடலை நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளே நீரை அடைத்து அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பார்த்தார்கள். தோலில் வெட்டிய திறப்பு ஒன்றின் மூலையிலிருந்துதான் கிழிசல் கிளம்பியது. மூலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்குச் சுமை அங்கே வந்து குவியும்.

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குளச்சல் நண்பர் மறந்து விட்டுப்போன ஒரு ரூபாய் நாணயத்தை அலமாரியிலிருந்து எடுத்துவந்தான். நான்கு மூலையிலும் அதை வைத்து வளைவாகப் பென்சில் கோடு போட்டுக்கொண்டான். பிறகு வெட்டினான்.